புத்தகத்தை மூடிய பிறகு

எப்போதும்வென்றானிலிருந்து எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்கோ, குறுக்குச்சாலை வழியாகத் தூத்துக்குடிக்கோ பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் உளவியலை முதன்முதலில் சந்திப்பது கல்லூரி வகுப்பறையில்தான். கணக்கும் வரலாறும் சின்ன வயதிலிருந்தே கூட வந்தவை. உளவியல் அப்படி வருவதில்லை. பி.ஏ., பி.எஸ்ஸி. உளவியல் எடுத்தவர்களுக்காக மட்டும் இதை எழுதவில்லை. பி.எட். படிப்பில் குழந்தை வளர்ச்சி, கற்றல் பற்றிய தாள்கள் உண்டு. நர்சிங், சமூகப்பணிப் படிப்புகளிலும் உளவியல் வரும். ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் பகுதிக்கு. எந்த வாசலில் நுழைந்தாலும் படிக்கும் முறை ஒன்றுதான்.

பிளஸ் டூ மதிப்பெண், ஆங்கிலம், வீட்டு நிலைமை எல்லாம் தேர்ச்சியைப் பாதிக்கும். ஆனால் அவற்றை இந்த ஒரு வருடத்தில் மாற்றிவிட முடியாது. மாற்றக்கூடியது படிக்கும் முறை. 2008-இல் மார்கஸ் கிரேடே, நேதன் குன்செல் என்ற ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசினார்கள். படிக்கும் பழக்கமும் படிப்பின் மீதுள்ள மனப்பாங்கும், பள்ளி மதிப்பெண்ணுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் ஏறத்தாழ ஈடாகக் கல்லூரி வெற்றியோடு தொடர்புடையவை என்று கண்டார்கள். கரிசல்காட்டு அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

சேருவதற்கு முன்

வீட்டிலிருந்தபடி அஞ்சல் வழியில் உளவியல் படிக்கலாம் என்று நினைத்திருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழு பிறப்பித்த உத்தரவின்படி, அந்த ஆண்டு ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல் படிப்பைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது. 2021-இல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான சட்டத்தின் கீழ் உளவியலும் வந்துவிட்டதுதான் காரணம். “தபால்ல ஒரு டிகிரி போட்டுக்கலாம்” என்று யாராவது அழைத்தால் பணம் கட்டுவதற்கு முன் மானியக் குழுவின் இணையதளத்தில் சரிபாருங்கள்.

சேர்வது உறுதியாகிவிட்டால் கோடை விடுமுறையிலேயே ஒரு காரியம் செய்யலாம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 11, 12-ஆம் வகுப்புகளுக்கு உளவியல் ஒரு பாடம். அதற்கு என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் இரண்டு புத்தகங்களையும் அதன் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எளிய ஆங்கிலம், இந்திய உதாரணங்கள். முதல் செமஸ்டர் பாடத்தில் பெரும்பகுதி 11-ஆம் வகுப்புப் புத்தகத்திலேயே வந்துவிடும். விலை கூடிய அமெரிக்கப் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைப்பதைவிட இதை இரண்டு முறை படிப்பது மேல்.

தெரிந்த மாதிரியே இருக்கும்

வேதியியல் புத்தகத்தைத் திறந்தால் தெரியாதது தெரியாததாகவே கண்ணில் படும். உளவியல் புத்தகத்தில் அப்படி இல்லை. மறதி, கோபம், பழக்கம், ஊக்கம், குழந்தை வளர்ப்பு என்று எல்லாம் பழகிய விஷயங்கள். படிக்கும்போது தலை தானாக ஆடும். இந்தப் பாடத்தில் பலர் கோட்டை விடுவதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

“மறத்தலுக்கான காரணங்களை விளக்குக” என்பது பத்து மதிப்பெண் கேள்வி. இதற்கு அடிக்கடி வரும் விடை இப்படி இருக்கும்: ‘மறதி மனிதனுக்கு இயல்பானது. அதிக வேலைப்பளு, கவலை, தூக்கமின்மை காரணமாக மறதி உண்டாகிறது. நாம் கவனத்துடன் படித்தால் மறதியைத் தவிர்க்கலாம்.’ பக்கம் நிரம்பிவிடும். எழுதியதில் பொய்யும் இல்லை. ஆனால் இதை எழுத உளவியல் படித்திருக்கத் தேவையில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் இதைச் சொல்வார். இரண்டு மதிப்பெண் விழுந்தால் பெரிது. திருத்துபவர் தேடுவது வேறு. எபிங்ஹாஸ் 1885-இல் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன் மீதே சோதித்துப் பார்த்தது. முதல் சில மணி நேரத்தில் மறதி வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடப்பதைக் காட்டும் அவருடைய வளைகோடு. பழைய பாடம் புதியதைக் குழப்புவது ஒரு வகைக் குறுக்கீடு, புதியது பழையதைக் குழப்புவது இன்னொரு வகை என்ற பாகுபாடு. இரண்டுக்கும் ஒவ்வொரு உதாரணம். பெயர், ஆண்டு, சோதனை, முடிவு, உதாரணம் என்று ஐந்தும் இருந்தால் கையெழுத்து சுமாராக இருந்தாலும் எட்டு மதிப்பெண் வரும்.

இன்னொரு இடத்திலும் கால் வழுக்கும். எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதாத முதலாண்டு மாணவர் அபூர்வம். தலைவலிக்கு மாத்திரை போடுகிறீர்கள், வலி போய்விடுகிறது, அடுத்த முறை தலை வலித்தால் கை நேராக மாத்திரைக்குப் போகிறது. பிடிக்காத ஒன்று விலகியதால் ஒரு செயல் கூடியது. அது எதிர்மறை வலுவூட்டல். வீட்டுப்பாடம் எழுதாததற்கு ஆசிரியர் அடிக்கிறார். எழுதாமல் வருவது குறைகிறது. பிடிக்காத ஒன்று சேர்ந்ததால் ஒரு செயல் குறைந்தது. அது தண்டனை. செயல் கூடியதா, குறைந்ததா என்று மட்டும் கேளுங்கள். கூடியிருந்தால் வலுவூட்டல், குறைந்திருந்தால் தண்டனை. இதைப் படித்ததும் புரிந்துவிட்டது போல இருக்கும். புத்தகத்தை மூடி, சொந்தமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணம் எழுதிப் பாருங்கள். அப்போதுதான் புரிந்ததா என்பது தெரியும்.

மூடுங்கள், எழுதுங்கள்

2006-இல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். சிலவற்றை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். சிலவற்றை ஒரு முறை படித்துவிட்டு, நினைவில் இருப்பதைப் பார்க்காமல் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்ததுதான் ஒரு படி மேலே இருந்தது: 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழானது. எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நினைவிருந்தது. திரும்பப் படித்ததில் 42 சதவீதம்தான்.

அந்த ஐந்து நிமிட முடிவைக் கவனியுங்கள். மாணவரை ஏமாற்றுவது அதுதான். இரவு மூன்று முறை வாசித்துவிட்டுப் படுக்கப் போகும்போது எல்லாம் மனதில் நிற்பதாகத் தோன்றும். அந்த நேரத்துக்கு அது உண்மையும்கூட. கல்லூரித் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து நடப்பதில்லை.

இது தெரிந்தும் பலர் செய்வதில்லை. 2009-இல் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 177 மாணவர்களிடம் எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய 84 சதவீதம் பேர் குறிப்புகளையும் புத்தகத்தையும் திரும்பப் படிப்பதாகச் சொன்னார்கள். பார்க்காமல் நினைவுகூர்ந்து பார்ப்பதாகச் சொன்னவர்கள் 11 சதவீதம். 2013-இல் ஜான் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு உத்திகளை எடைபோட்டபோது, முதல் வரிசையில் வைத்தவை இரண்டே: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. வண்ணப் பேனாவால் கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசையில். நம் பிள்ளைகளின் புத்தகங்களைத் திறந்து பார்த்தால் பக்கம் முழுக்க மஞ்சள் கோடுதான். அந்தக் கோட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. அதையே படிப்பு என்று நினைத்துக்கொள்வதுதான் கெடுதல்.

செய்முறை இதுதான். ஒரு தலைப்பை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடி வேறு இடத்தில் வையுங்கள். ஒரு வெற்றுத் தாளில் நினைவிருப்பதை எல்லாம், வரிசை தப்பினாலும் பரவாயில்லை என்று எழுதுங்கள். சிக்கும்போது உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் முட்டி மோதிப் பாருங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு நிற மையில் எழுதுங்கள். அடுத்த முறை படிக்க வேண்டியது அந்த வேறு நிறம் மட்டும்தான். முதல் தடவை தாள் பாதிகூட நிறையாது. மனசு உடைந்து பலரும் கைவிடுவது அப்போதுதான். அந்தக் காலித்தாள் தோல்வி இல்லை. எதைப் படிக்க வேண்டும் என்று உங்களுக்குக் கிடைத்த பட்டியல்.

எழுத இடமில்லாத நேரத்தில் வாய் போதும். காலை பஸ்ஸில், ஒரே தெருவிலிருந்து போகும் முதலாண்டுத் தங்கையும் இரண்டாமாண்டு அக்காவும் இப்படிப் பேசிக்கொண்டே போகலாம்:

“யக்கா, சாப்பாட்டைப் பார்த்ததும் நாய்க்கு எச்சி ஊறுதே, அது என்ன?”

“நீயே சொல்லு. பழகிக் குடுத்ததா, தானா வர்றதா?”

“தானா வர்றது. அப்ப இயற்கைத் துலங்கல்.”

“சரி. மணிச் சத்தம் மட்டும் கேட்டா ஊறுதே?”

“அது பழகினது. செயற்கைத் துலங்கல். சாப்பாடே குடுக்காம மணியை மட்டும் அடிச்சிக்கிட்டே இருந்தா?”

“ஊறுறது குறைஞ்சுக்கிட்டே வந்து நின்னுரும். அதுக்குப் பேரு?”

எட்டயபுரம் வருவதற்குள் பாவ்லவின் நாய்ச் சோதனை முடிந்துவிடும். இதில் அக்காவுக்கும் லாபம் உண்டு. போன வருடப் பாடம் அவளுக்கும் மறக்காது.

விதைப்பும் செமஸ்டரும்

இடைவெளி விட்டுப் படியுங்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். மானாவாரிக் காட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த இடைவெளி எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் வெள்ளாமை. புரட்டாசியில் உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் விதைப்பு. மழை பிடித்தால் ஐப்பசியில் களையெடுப்பு. களைக்கு ஆள் கிடைக்காத வீட்டில் கல்லூரிப் பிள்ளையும் காட்டுக்குப் போகத்தான் வேண்டும். ஒற்றைப்படைச் செமஸ்டர் தேர்வு வருவது நவம்பரில், அதாவது ஐப்பசிக் கடைசி, கார்த்திகை. களையும் தேர்வும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இரண்டாவது செமஸ்டரில் மார்கழி, தையில் பயறு அறுப்பு; தை, மாசியில் மக்காச்சோளம், அது முற்றும்வரை காட்டுப்பன்றிக் காவல்; மாசி, பங்குனியில் மிளகாய்ப்பழம் பறிப்பு. ஏப்ரல் தேர்வு அந்தப் பறிப்புக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

ஆகவே ‘தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் உட்கார்ந்து படித்துவிடலாம்’ என்ற திட்டம், நகரத்துப் பிள்ளைக்குச் சரிவரலாம், நமக்குச் சரிவராது. அந்த மாதம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது ஆடியும் ஆவணியும். காட்டில் உழவைத் தவிரப் பெரிய வேலை இல்லை, கல்லூரியும் தொடங்கியிருக்கும். ஐந்து அலகு கொண்ட பாடத்தில் மூன்றை அந்த இரண்டு மாதத்துக்குள் மேலே சொன்ன மூடி எழுதும் முறையில் ஒரு சுற்று முடித்துவிட வேண்டும். ஒரு தலைப்பை வகுப்பு நடந்த அன்று இரவு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை எழுதிப் பார்த்தால் போதும். முதல் தடவைக்கு அரை மணி ஆகும். நான்காவது தடவைக்குப் பத்து நிமிடம் ஆகாது.

புரட்டாசி பிறந்ததும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். களையெடுத்துவிட்டு வந்த உடம்போடு புதிய அலகைத் தொடங்காதீர்கள். பழைய தாள் ஒன்றை எடுத்து, அதன் தலைப்பை மட்டும் பார்த்து, மற்றதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். தூக்கத்தைக் குறைப்பது வீண் சிக்கனம். 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் படித்த பின் தூங்கியவர்களுக்கு, அதே நேரம் விழித்திருந்தவர்களைவிட அதிகம் நினைவிருப்பதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் அதை மேலும் உறுதிப்படுத்தின.

வகுப்பு, பஸ், பணம்

வருகையை 75 சதவீதம் என்ற கட்டாயமாக மட்டுமே பார்க்கிறோம். 2010-இல் கிரேடேயும் அவருடைய சகாக்களும் வருகைப் பதிவு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கல்லூரி மதிப்பெண்ணோடு வருகைக்குள்ள உறவு, பள்ளி மதிப்பெண், நுழைவுத் தேர்வு, படிப்புப் பழக்கம் ஆகிய எதையும்விட வலுவாக இருந்தது. உளவியலுக்கு இது இன்னும் பொருந்தும் என்பேன். பாடப்புத்தகத்தில் கருத்து இருக்கும். அதை எந்த உதாரணத்துக்குப் பொருத்துவது என்பது வகுப்பில்தான் கிடைக்கும். பஸ்ஸைத் தவறவிட்டு முதல் மணி போனால் அன்றே பக்கத்து இருக்கைத் தோழியிடம் கேளுங்கள். குறிப்பை போட்டோ எடுப்பதோடு நிறுத்தாமல், “ஆசிரியர் என்ன உதாரணம் சொன்னாங்க?” என்று கேளுங்கள்.

பணக்கவலை படிப்பைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு உலகம் முழுவதும் பேசப்படும் ஒரு ஆய்வு தமிழ்நாட்டில்தான் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை, 2010-இல் அறுவடைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சோதித்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஷாவ் ஆகியோர் நடத்திய அந்த ஆய்வு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள்; பிறகு 4 பேர். அதே ஆட்கள், அதே மூளை. ஆனால் கையில் காசு வந்த பிறகு வடிவப் புதிர்களையும் கவனச் சோதனைகளையும் மேலும் நன்றாகச் செய்தார்கள். பணத்தைப் பற்றிய ஓயாத யோசனை, மற்ற காரியங்களுக்கு வேண்டிய மனதின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். முடிவை அலசிய விதம் பற்றி அதே ஆண்டிலேயே விமர்சனமும் வந்தது. இரண்டையும் சேர்த்து எழுதினால் தேர்வில் நல்ல விடை.

நகை அடகில் இருக்கும் மாதத்தில் பாடம் தலையில் ஏறவில்லை என்றால், நமக்கு மூளை இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கவலைப்பட வேண்டிய விஷயங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அதை விரிவாக்கியது 2024 டிசம்பரில், நம் தூத்துக்குடியில் நடந்த விழாவில். ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும். சேர்ந்த முதல் மாதத்திலேயே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எந்த நேரத்து பஸ் அந்த வகை என்று தெரிந்துவைத்து அதற்கேற்பக் கிளம்பினால் மாதக் கடைசியில் அந்த மிச்சம் தெரியும்.

தமிழில் புரிந்துகொண்டு எழுதுவது

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி உளவியலில் உட்காரும் பிள்ளை, முதல் மாதத்தில் பாடத்தைவிட மொழியோடுதான் போராடும். நல்லவேளையாக ஒரு செமஸ்டருக்கு வேண்டிய கலைச்சொற்கள் குறைவு. திரும்பத் திரும்ப வருபவை அவையேதான். ஒரு நீள நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் ஒரு வரி விளக்கம், அதன் கீழே உங்கள் ஊரிலிருந்து ஒரு உதாரணம் என்று எழுதிவாருங்கள். மூன்றாவதாக வரும் உதாரணம்தான் உயிர். பி.எட்., தகுதித் தேர்வுக்கான தமிழ்ப் புத்தகங்கள் இதற்கு உதவும். ஒரே கருத்துக்கு இரண்டு புத்தகங்கள் வேறு வேறு தமிழ்ச்சொல் போட்டிருக்கும். பயப்பட வேண்டாம், இரண்டையும் அதே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் தமிழில் மூடி எழுதுங்கள். கருத்து கையில் வந்த பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். புரியாத ஆங்கிலப் பத்தியை மனப்பாடம் செய்தவர், கேள்வியை ஒரு திருகு திருகிக் கேட்டால் நின்றுவிடுவார்.

வகுப்பில் ஆங்கிலம் சரளமாகப் பேசும் நான்கு பேரைப் பார்த்து ஒதுங்கவும் வேண்டாம். ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதியபடி, ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். முதல் உள்தேர்வில் ஒரு ஐந்து மதிப்பெண் விடையை முழுசாக எழுதி முடியுங்கள். பிறர் சொல்லும் பத்து ஊக்கப் பேச்சைவிட அது வேலை செய்யும்.

கண்ணாடி வரைதலும் கணக்கும்

செய்முறை வகுப்பில் கண்ணாடி வரைதல் என்று ஒன்று வரும். பலகைக்கு மேலே ஒரு மறைப்பு. உங்கள் கை உங்களுக்கு நேராகத் தெரியாது. எதிரே நிற்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்து, இரட்டைக் கோட்டுக்குள் ஒரு நட்சத்திரத்தை வரைய வேண்டும். முனை திரும்பும் இடத்தில் பென்சில் நின்றுவிடும். இந்தப் பக்கம் போக நினைத்தால் அந்தப் பக்கம் இழுக்கும். முதல் முறை வியர்த்துவிடும். கோடு எங்கெங்கோ ஓடியிருக்கும். ஐந்தாறு முயற்சியில் நேரமும் தவறும் குறைந்துகொண்டே வரும். வலக்கையால் பழகிய பிறகு இடக்கையால் செய்தால், பழகாத அந்தக் கையும் ஓரளவு தேறியிருக்கும். கற்றல் மாற்றம் என்று பாடத்தில் படிப்பது அதுதான்.

இந்தச் சோதனையைச் செய்யாமல், சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எண்களை எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. கண்டிப்பாகச் செய்யாதீர்கள். நேர்மை ஒரு காரணம். இன்னொன்று, வாய்மொழித் தேர்வில் “மூன்றாவது முயற்சியில் தவறு ஏன் கூடியிருக்கிறது?” என்று கேட்டால் உண்மையில் செய்தவரால்தான் பதில் சொல்ல முடியும்: “சார், வேகமாகச் செய்யப் பார்த்தேன்.” வேகத்துக்கும் துல்லியத்துக்கும் உள்ள இழுபறியை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

புள்ளியியல் என்றால் கலைப் பிரிவிலிருந்து வந்தவர்கள் முகம் வாடும். பயம் கணக்கைப் பற்றியது; ஆனால் இளநிலையில் வரும் கணக்கு கூட்டல், வகுத்தல், வர்க்கமூலத்தைத் தாண்டிப் பெரிதாகப் போகாது. வீட்டு உளுந்துக் காட்டில் இருபது செடியைப் பிடுங்கி, காய்களை எண்ணி, சராசரியும் திட்டவிலக்கமும் போட்டுப் பாருங்கள். எண்கள் உங்கள் கையிலிருந்து வந்தவை என்றால் சூத்திரம் மிரட்டாது. உடன்தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதையும் அங்கேயே பார்க்கலாம். ஐப்பசியில் களையும் கூடுகிறது, கொசுவும் கூடுகிறது. களைதான் கொசுவைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டோம்; இரண்டுக்கும் பின்னால் மழை இருக்கிறது. செய்தித்தாளில் ‘ஆய்வு சொல்கிறது’ என்று எதைப் படித்தாலும் பின்னால் நிற்கும் மழை எது என்று கேட்டுப் பழகுங்கள்.

பாடத்திலேயே நிற்கும் பழைய நம்பிக்கைகள்

மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது பொய். இது மேடைப் பேச்சில் வருவது, எளிதில் விட்டுவிடலாம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவரைப் பிரித்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்பது அப்படி இல்லை. ஆசிரியர் பயிற்சிக் குறிப்புகளிலேயே நிற்கிறது. 2008-இல் ஹெரால்ட் பாஷ்லரும் மற்ற மூவரும் இதற்கான ஆதாரங்களைத் தேடி, வகைக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். தேர்வில் கேட்டால் பாடத்திட்டம் சொல்வதை எழுதிவிட்டு, கடைசியில் இந்த விமர்சனத்தை இரண்டு வரியில் சேருங்கள். ‘நான் கேட்டுத்தான் படிப்பேன், எழுதினால் ஏறாது’ என்று உங்களைப் பற்றி நீங்களே முடிவு செய்திருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள்.

ஊரில் கேட்கும் கேள்விகள்

உளவியல் படிக்கிறாள் என்று தெரிந்ததும் தெருவில் கேட்பார்கள்: “தாயி, நான் இப்ப மனசுல என்ன நினைக்கேன்னு சொல்லு பாப்போம்.” சிரித்துவிட்டுப் போகலாம். சில நேரம் கேள்வி அப்படி இருக்காது. “என் மவன் ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கான், தனியா பேசுதான், என்னன்னு பாரேன்” என்று ஒரு அத்தை சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நிற்பார். இரண்டு செமஸ்டர் படித்தவர் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தப் பெயர் ஊருக்குள் அந்தப் பையன் மீது ஒட்டிக்கொள்ளும். கோடாங்கியிடம் போயிருந்தாலும் சோலைசாமி கோயிலில் நேர்ந்திருந்தாலும் அதைக் கேலி செய்யவும் கூடாது. அவர்களுக்குத் தெரிந்த வழியில் உதவி தேடியிருக்கிறார்கள். எத்தனை நாளாக, சாப்பிடுகிறானா, தன்னை வருத்திக்கொள்ளும்படி ஏதாவது பேசினானா என்று மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் அன்றே போக வேண்டும். முடிந்தால் கூடப் போங்கள்.

அசாதாரண உளவியல் தாள் படிக்கும்போது வரும் ஒவ்வொரு அறிகுறியும் தனக்கே இருப்பதாகத் தோன்றுவது பெரும்பாலோருக்கு நடப்பது. ஓரிரு வாரத்தில் அது அடங்காமல் தூக்கத்தையோ சாப்பாட்டையோ தொட்டால் பாடத்தின் விளைவு என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் போக வேண்டுமென்றால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் வெளிநோயாளி சீட்டு வாங்கிவிட வேண்டும்.